உடலை முதலாகக் கொண்டவர்: ராஜா சாண்டோ

முன்னுரை

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் நம் கல்லூரிக்கு வரும் மாணவருள் சிலர் பகலில் பாடம் கேட்டு, இரவில் சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். அவர்களுட் பலர் எஞ்சிய நேரத்தை உடற்பயிற்சிக் கூடத்தில் செலவிடுகின்றனர். கும்மிடிப்பூண்டி இரயில் நிலையத்திற்கு அருகிலும் காக்களூர்த் தொழிற்பேட்டைப் பக்கத்திலும் மாலை வேளையில் இரும்புத் தட்டுகள் மோதும் ஓசையைக் கேட்காமல் நடக்க இயலாது.

அத்தகைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எம் துறைக்கு வந்தார். மூன்றாம் ஆண்டு பயில்பவர். படிப்பை நிறுத்திவிட்டு உடற்கட்டு மாடலாகப் போவதாகக் கூறினார். தம் உடலைப் பல கோணங்களில் எடுத்த படங்களை ஒரு தொகுப்பாக்கி வைத்திருந்தார். விளம்பரங்களுக்கும் திரைப்படத்திற்கும் அவற்றை அனுப்பப் போவதாகச் சொன்னார். உடலை மட்டும் நம்பி வாழ்ந்தவர் யாரேனும் தமிழில் உண்டா, அவர் என்ன ஆனார் என்று எம்மிடம் கேட்டார். அன்று எம்மால் தக்க விடை கூற முடியவில்லை. அறிவுரை கூறுவது எளிது. எடுத்துக்காட்டைக் கூறுவது அரிது. பின்னர் நூல்களைப் புரட்டியபோது ஒருவர் வாழ்வு எம் கண்முன் நின்றது. புதுக்கோட்டையில் பிறந்து, கட்டுடல் ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு பம்பாய் சென்று, இந்தியத் திரையின் தொடக்க கால நாயகருள் ஒருவராகத் திகழ்ந்த ராஜா சாண்டோவே அவர். அம்மாணவருக்கு நாம் தர வேண்டிய விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

தோள்வலி போற்றிய நாடு

உடல் வலிமையைப் போற்றுவது தமிழர்க்குப் புதிதன்று. முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வென்ற செய்தியைச் சாத்தந்தையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள. மல்லையில் சிற்பம் செதுக்குவித்த பல்லவ வேந்தன் மாமல்லன் என்னும் பட்டத்தையே பெருமையாகக் கொண்டான். சிலம்பக் கூடங்களும், கர்லாக்கட்டை சுழற்றும் களங்களும், தண்டாலும் பஸ்கியும் எடுக்கும் தேகப்பயிற்சிச் சாலைகளும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழக ஊர்களில் இருந்தன.

ஆயினும் அந்நாளில் உடலை வளர்த்தவனுக்கு அதனால் வரும் ஊதியம் யாது என்னும் வினாவும் உடன் இருந்தது. மல்லனுக்கு அரசவை ஆதரவு வேண்டும். அது கிடைத்தற்கு அரியது. சர்க்கஸ் கூடாரம் ஒரு வழி. ஆந்திரப் பகுதியைச் சேர்ந்த கோடி ராமமூர்த்தி நாயுடு சர்க்கஸ் குழு வைத்து நடத்திப் பெரும்புகழ் பெற்றார். பள்ளிகளில் தேகப்பயிற்சி ஆசிரியராவது மற்றொரு வழி. அதற்கென ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-இல்தான். இவ்விரு வழியும் அல்லாத மூன்றாம் வழி ஒன்று அப்போது திறந்துகொண்டிருந்தது. அதுவே திரைப்படம். அவ்வழியில் துணிந்து நடந்த தமிழருள் முன்னவர் நம் கட்டுரைத் தலைவர்.

பிறப்பும் பயிற்சியும்

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1894-ஆம் ஆண்டு நாகலிங்கம் பிறந்தார். பி.கே. நாகலிங்கம் என்பதே அவர்தம் இயற்பெயர். இளமையிலேயே தேகப்பயிற்சியில் ஈடுபட்டு, உடலை வளைக்கவும் தாவவும் எடை தூக்கவும் வல்லவரானார். செல்வப் பின்புலமோ பெரிய பட்டமோ அவருடைய புகழுக்குக் காரணமாகக் கூறப்படுவதில்லை. கட்டுடலே அவரை உலகிற்கு அறிமுகப்படுத்தியது.

அக்காலத்தில் சென்னையிலும் திரைப்படம் எடுக்கப்பட்டதுண்டு. ஆர். நடராஜ முதலியார் கீசகவதம் என்னும் ஊமைப்படத்தை எடுத்துத் தென்னாட்டில் இத்தொழிலுக்கு வித்திட்டிருந்தார். எனினும் தொழில் வேரூன்றி, கம்பெனிகள் பெருகி, மாதச் சம்பளத்திற்கு நடிகரை அமர்த்தும் நிலை பம்பாயிலேயே இருந்தது. ஆதலின் நாகலிங்கம் பம்பாய்க்குப் புறப்பட்டார். அங்குப் பேசப்பட்ட மராத்தியும் குஜராத்தியும் ஒரு புதுக்கோட்டை இளைஞருக்குத் தாய்மொழிகள் அல்ல. சொல்லால் அன்றி உடலால் வேலை கேட்கும் நிலையில் அவர் அங்குச் சென்று நின்றார் எனலாம்.

பெயர் வந்த வரலாறு

பம்பாயில் அவருக்கு ராஜா சாண்டோ என்னும் பெயர் அமைந்தது. அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால்தான் அதன் எடை விளங்கும்.

யூஜின் சாண்டோ என்பவர் 1867-இல் பிரஷிய நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். சர்க்கஸில் சேர்ந்து ஐரோப்பாவெங்கும் திரிந்து, 1889-இல் இலண்டனில் சாம்சன் என்னும் பலவானை மேடையில் வென்று பெயர் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்றபோது, 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டி அவரை மேடையேற்றிய சீக்ஃபெல்ட் என்னும் நிகழ்ச்சி அமைப்பாளர் ஒன்றைக் கண்டுகொண்டார். சாண்டோ தூக்கும் எடையைவிட, தூக்கும்போது திரளும் தசையையே மக்கள் விரும்பிப் பார்த்தனர். ஆகவே எடை தூக்குவதைக் குறைத்து, கிரேக்கச் சிற்பங்களைப் போல நின்று காட்டுவதே நிகழ்ச்சியாயிற்று. அந்நிலைகளைப் படம் பிடித்து அட்டைகளாக விற்றனர். எடிசனின் ஆய்வுக்கூடத்தார் 1894-இல் அவரைச் சலனப்படமாகவும் எடுத்தனர். உடலழகைக் காட்டிப் பிழைக்கும் இன்றைய மாடல் தொழிலுக்கு அவரே முன்னோடி எனக் கருதுவதில் தவறில்லை.

சாண்டோ அத்துடன் நிற்கவில்லை. 1897-இல் இலண்டனில் பயிற்சிக்கூடம் நிறுவினார்; உடற்பயிற்சி பற்றிய நூல்களும் இதழும் வெளியிட்டார். 1901 செப்டம்பர் 14-ஆம் நாள் இராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பெரியதோர் உடலழகுப் போட்டியை நடத்தினார். அதற்கு நடுவராக அமர்ந்தோருள் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலும் ஒருவர். 1900-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்து சென்றார். அதன்பின் அவர் பெயர் இந்நாட்டில் பொதுப்பெயராகவே மாறிற்று. கட்டுடல் உடைய எவரையும் சாண்டோ என்றழைக்கும் வழக்கம் பரவியது. கையில்லாத பனியனுக்கும் அப்பெயரே இன்றளவும் வழங்குகின்றது.

அத்தகைய புகழாளரின் முடிவு நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. முதல் உலகப்போர்க் காலத்தில் அவர் நடத்திய வணிகம் வீழ்ந்தது. 1925-இல் தம் 58-ஆம் வயதில் காலமானார். இலண்டன் பட்னி வேல் இடுகாட்டில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் நெடுங்காலம் பெயர் பொறித்த கல்லும் இல்லை. இன்று உலகின் தலைசிறந்த உடற்கட்டு வீரருக்கு வழங்கும் மிஸ்டர் ஒலிம்பியா பரிசு அவர் உருவச்சிலையாகவே அமைந்துள்ளது. அவர் உடலின் வடிவம் வெண்கலத்தில் நிலைத்தது. அவர் நிறுவிய வணிகமோ அவருக்கு முன்னரே சரிந்தது.

இப்பெயரையே நம்மவர் ஏற்றார். பெயரோடு அதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஏற்றார் எனலாம். உடலைக் காட்டித் தொடங்கிய வாழ்வை எங்குக் கொண்டு சேர்ப்பது என்னும் வினா அவர் முன்னும் நின்றது.

பம்பாய்த் திரையில்

எஸ்.என். படாங்கர் என்பவரின் நேஷனல் பிலிம் கம்பெனியில் சண்டைக்காட்சி நடிகராக அவர் திரைவாழ்வு தொடங்கிற்று. 1922-ஆம் ஆண்டில் வந்த பக்த போதனா என்னும் படத்தில் நடித்ததற்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் 101 ரூபாய் என்பர். அடுத்த ஆண்டில் வெளிவந்த வீர பீம்சேன் அவரைப் பலரறிந்த நடிகராக்கியது. பீமன் கதைக்குக் கட்டுடல் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

ஈண்டு ஒன்றை உற்று நோக்க வேண்டும். பலவான் வேடமே அவர் எல்லையாகியிருந்தால் அவர் வாழ்வு சண்டைக்காட்சிகளோடு முடிந்திருக்கும். ஆனால் கோஹினூர்க் கம்பெனியிலும் பிறவற்றிலும் அவர் நடித்த படங்கள் வேறு திசையில் சென்றன. சந்துலால் ஷா இயக்கத்தில் 1926-இல் வந்த டைப்பிஸ்ட் கேர்ள் படத்தில் அந்நாளின் புகழ்மிக்க நடிகையரான சுலோசனாவும் கோஹரும் நடித்தனர். அவர்களோடு நடித்தவர் ராஜா சாண்டோ. 1927-இல் வந்த குணசுந்தரியில் கோஹருடன் நடித்தார். இவை அலுவலகமும் இல்லறமும் களமாக அமைந்த சமூகக் கதைகள். பனியனும் கச்சையும் களைந்து கோட்டும் சட்டையும் அணிந்து, கணவனாகவும் காதலனாகவும் நடிக்கும் பாத்திரங்கள் அவரைத் தேடி வந்தன. தசையை மறைத்துக்கொண்டும் திரையில் நிற்க முடியும் என்பதை அவர் மெய்ப்பித்தார்.

மெய்ப்பாடும் ஊமைப்படமும்

தமிழ் பயில்வோராகிய நமக்கு இவ்விடத்தில் தொல்காப்பியம் துணை செய்கின்றது. உள்ளத்து உணர்ச்சி உடலின்கண் புலப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, அதற்கெனத் தனி இயலே வகுத்தார் தொல்காப்பியர். நகையும் வெகுளியும் பெருமிதமும் உள்ளிட்ட எட்டினை அவர் எடுத்துரைத்தார். ஊமைப்படக் கலை முழுவதும் மெய்ப்பாட்டுக் கலையே. அங்கே உரையாடல் எழுத்துப் பலகையில் இடையிடையே தோன்றும். எஞ்சியதை எல்லாம் முகமும் கழுத்தும் தோளும் கையும் நடையும் சொல்ல வேண்டும்.

தேகப்பயிற்சி பெற்றவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு. எந்தத் தசையை இறுக்குவது, எதனைத் தளர்த்துவது, எடையை எந்தக் காலில் தாங்குவது, எவ்வளவு நேரம் அசையாது நிற்பது என்பன அவருக்குப் பழகியவை. உடலைத் தம் ஆணைக்கு உட்படுத்தியவர், அவ்வுடலைக் கொண்டே சினத்தையும் தயக்கத்தையும் காட்டக் கற்றால் நடிகராகிறார். மொழி அறியாமை அவருக்குத் தடையாகாததற்கும் இதுவே காரணம். புதுக்கோட்டைத் தமிழரின் தோள் அசைவை அகமதாபாத்திலும் இலாகூரிலும் உள்ளோர் மொழிபெயர்ப்பின்றி விளங்கிக்கொண்டனர்.

அக்காலத்து ஊமைப்படங்களில் மிகப்பல அழிந்துவிட்டன. நாடெங்கும் புகழ்பெற்ற அவ்வுடலை நாம் இன்று காண்பது சில நிழற்படங்களில் மட்டுமே. உடலை நம்பிய கலையின் நிலையாமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

காமிராவின் பின்னே

முப்பது வயதைக் கடந்தவுடன் ராஜா சாண்டோ செய்த செயலே அவர் வாழ்வின் திருப்பம் என்பது எம் கருத்து. நாயகராகப் புகழோடு இருந்த நாளிலேயே அவர் படம் இயக்கும் தொழிலைக் கற்றார். 1920-களின் இறுதியில் பம்பாயிலேயே இயக்குநராகவும் ஆனார். வாய்ப்பு குறைந்தபின் வேறு தொழில் தேடியவர் அல்லர் அவர். வாய்ப்பு நிறைந்திருந்தபோதே அடுத்ததைக் கற்றவர்.

அக்கல்வியோடு அவர் சென்னைக்குத் திரும்பினார். ஆர். பத்மநாபன் நிறுவியிருந்த அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனம் அவரை வரவேற்றது. பேயும் பெண்ணும், நந்தனார், அநாதைப் பெண் முதலிய ஊமைப்படங்களை 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் அந்நிறுவனத்திற்காக இயக்கினார். தென்னாட்டு ஊமைப்படங்கள் பெரும்பாலும் புராணக் கதைகளையே சுற்றிவந்த அக்காலத்தில், நிகழ்கால வாழ்வைச் சார்ந்த கதைகளும் அவர் கையால் திரைக்கு வந்தன. பின்னாளில் தியாகபூமி படைத்த கே. சுப்பிரமணியம் திரைத்துறையில் கால்வைத்ததும் இந்நிறுவனத்தின் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது. பம்பாயில் பெற்ற தொழிலறிவைத் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்து விதைத்தவர் என்ற பெருமை ராஜா சாண்டோவுக்கு உரியது.

பேசும்படம் வந்தபின்

1931-இல் திரை பேசத் தொடங்கியது. மார்ச்சு மாதத்தில் ஆலம் ஆராவும் அக்டோபர் மாதத்தில் காளிதாசும் வெளிவந்தன. அதன்பின் நாயகருக்கு வேண்டிய முதல் தகுதி குரலாயிற்று. ஒரே படத்தில் பல பாடல்கள். அவற்றை நடிகரே பாட வேண்டும். பாடத் தெரியாத அழகரும் பலவானும் ஒதுங்கி நிற்க, நாடக மேடையில் பாடிப் பழகியோர் முன்வந்தனர். ஊமைப்படத்தில் ஓங்கி நின்ற பலர் இம்மாற்றத்தில் காணாமற்போயினர்.

ராஜா சாண்டோ காணாமற்போகவில்லை. இந்திப் பேசும்படங்களில் அவ்வப்போது நடித்தார். 1934-இல் சுலோசனா நடித்த இந்திரா எம்.ஏ. அவற்றுள் ஒன்று. எனினும் அவரை நிலைநிறுத்தியது இயக்கமே. 1935-இல் அவர் இயக்கிய மேனகா, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் தழுவியது. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவினர் அதில் நடித்தனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் அதில் இடம்பெற்றார். தமிழ்ப் பேசும்படம் சமூகக் கதையை நாடிய தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது. தொலைவில் அமர்ந்தோர்க்கும் கேட்க வேண்டும் என்று உரத்த குரலிலும் விரிந்த அசைவிலும் பழகிய மேடை நடிகரைக் காமிராவின் அண்மைக்கு ஏற்ப நடிக்கச் செய்வது எளிதன்று. பத்தாண்டுகளுக்கு மேல் காமிராவின் முன் தம் உடலையே ஒப்படைத்து நின்றவர்க்கு அப்பணி கைவந்தது.

வசந்தசேனா, சந்திரகாந்தா, விஷ்ணு லீலா என அவர்தம் படங்கள் தொடர்ந்தன. 1939-இல் வெளிவந்த திருநீலகண்டர் பெருவெற்றி கண்டது. அதன் நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர். தம் குரலால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவரை, குரலே கேட்காத திரையில் வளர்ந்த ஒருவர் இயக்கினார். காலம் தம் கையிலிருந்த கருவியைப் பறித்துக்கொண்டபோது, புதிய கருவியை உடைய கலைஞரை ஆளும் இடத்திற்கு அவர் உயர்ந்திருந்தார். 1941-இல் சூடாமணி என்னும் தெலுங்குப் படத்தையும் இயக்கினார். அதற்கடுத்த ஆண்டில் ஆராய்ச்சிமணி வெளிவந்தது. 1943-இல், ஐம்பது வயது நிறையுமுன்னே அவர் மறைந்தார்.

அவர் பெயரை இன்றும் நாம் கேட்கின்றோம். திரைத்துறைக்குத் தொண்டாற்றியோர்க்குத் தமிழக அரசு வழங்கும் சிறப்பு விருதுகளுள் ஒன்று ராஜா சாண்டோ பெயரால் அமைந்துள்ளது. அவ்விருது உடற்கட்டுக்கு வழங்கப்படுவதன்று; கலைப்பணிக்கு வழங்கப்படுவது என்பதை நம் மாணவர் கருதுதல் வேண்டும்.

அவர்வழி வந்தோர்

அவர் இயக்கிய சந்திரகாந்தாவில் திரைக்கு அறிமுகமானவர் பி.யு. சின்னப்பா. அவரும் புதுக்கோட்டைக்காரரே. சிலம்பமும் குஸ்தியும் எடைதூக்கலும் பயின்றவர். அவற்றோடு இசையும் பயின்றிருந்தமையால் பேசும்படக் காலத்தின் பெரும் நாயகரானார். உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேடம் ஏற்றவர் அவரே.

மற்றொருவர் கோவையைச் சேர்ந்த சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். வறுமையிற் பிறந்து, ஆலைத் தொழிலாளியாகவும் சிறு வணிகராகவும் உழைத்தவர் அவர். அவ்வுழைப்பினிடையே தேகப்பயிற்சியைக் கைவிடாது, உடல் வலியால் படங்களில் சண்டைக்காட்சி வாய்ப்புப் பெற்றார். அவரும் அங்கேயே நின்றுவிடவில்லை. படத்தயாரிப்பின் கணக்கையும் கால அட்டவணையையும் கற்று, 1956-இல் தாய்க்குப்பின் தாரம் படத்தின் மூலம் தயாரிப்பாளராகத் தலைநிமிர்ந்தார். 1971-இல் அவர் தயாரித்த ஹாத்தி மேரே சாத்தி இந்தி உலகிலும் வெற்றிவாகை சூடியது. ஆலையில் உழைத்துக்கொண்டே உடலை வளர்த்த அவர் வாழ்வு, நம் தொழிற்பேட்டை இளைஞர்க்கு மிக அண்மையில் நிற்பது.

இம்மூவர் வாழ்விலும் ஒரு பொதுமை காணப்படுகின்றது. கட்டுடல் மூவர்க்கும் கதவைத் திறந்தது. உள்ளே அமர இடம் தந்தவை இயக்கமும் இசையும் நிர்வாகமும் ஆம்.

இன்றைய இளைஞர்க்கு

இன்று உடற்கட்டு மாடலாக விரும்புவோர்க்கு வாய்ப்புகள் அன்றைவிட மிகுதி. உடைகள், பயிற்சிக் கருவிகள், சத்துணவு ஆகியவற்றின் விளம்பரங்கள் உள. ஆணழகன் போட்டிகள் மாவட்டந்தோறும் நடைபெறுகின்றன. பயிற்சியாளர் வேலையும் உண்டு. நாம் இத்தொழிலை இழிவாகக் கருதவில்லை. நேர்மையான உழைப்பின் பயனாக விளையும் உடல், உழுது விளைத்த நெல்லைப் போன்றது. ஆனால் அவ்விளைச்சலுக்கு ஆகும் செலவையும் அறிய வேண்டும். நல்ல உணவுக்கு நாள்தோறும் பணம் வேண்டும். இரவுப் பணி முடித்து வருவோர்க்கு உறக்கம் குறையும். உறக்கமின்றித் தசை வளராது. பயிற்சியைச் சில திங்கள் விட்டாலே உடல் தளரும். வயது ஏறும், புதிய முகங்கள் வரும்.

இதனினும் கொடியது குறுக்கு வழி. விரைவில் தசை திரள வேண்டும் என்று ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வோர்க்கு இதயமும் கல்லீரலும் கெடும். ஆண்மைக்குரிய சுரப்பும் குன்றும். படம் எடுக்கும் நாளில் தசைக்கோடுகள் தெரிய வேண்டும் என்று நீர் அருந்தாதிருப்பது சிறுநீரகத்திற்குத் தீங்கு விளைக்கும். முதலைப் பெருக்க எண்ணி முதலையே இழக்கும் வணிகம் இது.

நிறைவுரை

படத்தொகுப்போடு வந்த அம்மாணவர்க்கு இனி நம்மால் விடை கூற இயலும். உடலை நம்பி வாழ்ந்த தமிழர் உண்டு, அவர் வென்றார். சண்டைக்காட்சியில் நின்றபோதே நடிப்பைக் கற்றார். நாயகராக நின்றபோதே இயக்கத்தைக் கற்றார். அடுத்ததைக் கற்பதற்கு முந்தியதன் வீழ்ச்சியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆகவே உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லும் கால்கள் நூலகத்திற்கும் வரட்டும். படங்களை அனுப்புக, அவற்றோடு தேர்வுக் கட்டணத்தையும் கட்டுக. உடற்கல்வியோ, உணவியலோ, ஒளிப்படக்கலையோ, கணக்கியலோ ஏதேனும் ஒன்றைக் கைத்தொழிலாகச் சேர்த்துக்கொள்க. பட்டம் முடிக்க எஞ்சியிருப்பது ஓராண்டுதான். அவ்வோராண்டில் தோள் சுருங்கிவிடாது.

புதுக்கோட்டை நாகலிங்கம் இரவல் பெயரோடு புறப்பட்டார். இறுதியில் அப்பெயரைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். நம் மாணவரும் அவ்வாறு உயர்வாராக என வாழ்த்தி அமைகின்றோம்.